ஜோர்டான் யார் பக்கம்?

கேள்வி இதுதான்: அரபு உலகில் நேற்றுவரை பகைவர்களாக இருந்தவர்கள் இன்று கைகுலுக்குகிறார்கள், இன்று நண்பர்களாக இருப்பவர்கள் நாளை தூதரகத்தை மூடுகிறார்கள், இதற்கு நடுவே ஜோர்டான் ஒருபுறம் காஸா மக்களுக்காக உலக அரங்கில் வாதாடுகிறது, மறுபுறம் இஸ்ரேலை நோக்கிப் பறந்த ஈரானிய ட்ரோன்களைத் தன் வானத்திலேயே சுட்டு வீழ்த்துகிறது, இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

சந்தர்ப்பவாதி என்றால் ஆதாயம் பார்த்திருக்க வேண்டும். ஜோர்டான் கடந்த எழுபது ஆண்டுகளில் எடுத்த பெரிய வெளியுறவு முடிவுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஆதாயத்துக்காக எடுத்தவை மிகக் குறைவு. வரப்போகும் இரண்டு இழப்புகளில் எதைத் தாங்க முடியும் என்று பார்த்து எடுத்தவையே அதிகம். அந்த நாட்டு அரசரின் மேசைக்கு ஒவ்வொரு நெருக்கடியும் வரும்போது அதனோடு இரண்டு கேள்விகளும் சேர்ந்து வருகின்றன. இந்த ஆண்டின் பற்றாக்குறையை யார் நிரப்புவார்கள் என்பது ஒன்று, தலைநகர் அம்மானின் தெருக்கள் எதுவரை பொறுக்கும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே விடை கிடைத்த தருணங்கள் அபூர்வம். கஜானா ஒரு பக்கமும் தெரு மறுபக்கமும் இழுக்கும்போது, எதன் பக்கம் சாய்ந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு என்பதை அந்த அரச குடும்பம் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டது.

நாட்டின் இருப்பிடத்தைப் பாருங்கள். வடக்கே சிரியா, கிழக்கே இராக், தெற்கிலும் தென்கிழக்கிலும் சவூதி அரேபியா, மேற்கே இஸ்ரேலும் அதன் ஆக்கிரமிப்பில் உள்ள மேற்குக் கரையும். கடலுக்கு அகபா என்ற ஒரே துறைமுகம். அங்கே கடற்கரையின் மொத்த நீளம் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பக்கத்து நாடுகளில் ஊற்றெடுக்கும் எண்ணெய் இந்த மண்ணில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆண்டுக்கு ஓர் ஆளுக்கு 500 கன மீட்டருக்குக் கீழே தண்ணீர் இருந்தால் அது மிகக் கடுமையான பற்றாக்குறை என்பது உலக அளவுகோல். ஜோர்டானில் 100 கன மீட்டர்கூடத் தேறுவதில்லை. அம்மானின் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒருமுறை. அன்றைக்கு மொட்டைமாடித் தொட்டிகளில் பிடித்து வைத்துக்கொண்டுதான் அடுத்த முறை வரும்வரை சமாளிக்க வேண்டும். அந்தத் தண்ணீரிலும் ஒரு பகுதி இஸ்ரேலுடனும் சிரியாவுடனும் பங்கிட்டுக்கொள்ளும் யார்மூக், ஜோர்டான் ஆறுகளைச் சார்ந்தது. ஆகவே அண்டை நாட்டோடு சண்டை போட்டால் எல்லையில் மட்டுமல்ல, சமையலறையிலும் அது தெரியும்.

மக்கள்தொகையின் அமைப்பும் சாதாரணமானது அல்ல. ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் முகமையில் பதிவு செய்தவர்கள் மட்டுமே இங்கே இருபது லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் ஜோர்டான் குடியுரிமை பெற்றவர்கள். வணிகமும் நகர வாழ்க்கையும் பெருமளவு அவர்கள் கையில் இருக்கின்றன. படையும் காவல்துறையும் பெரும்பாலும் ஜோர்டான் ஆற்றின் கிழக்குக் கரையைச் சேர்ந்த பழங்குடிக் குலங்களின் பிள்ளைகளால் ஆனவை. பாலஸ்தீனத்தில் ஒரு குண்டு விழுந்தால் அது அம்மானுக்கு வெளிநாட்டுச் செய்தி அல்ல. மேற்குக் கரையின் நாப்லுஸிலும் ஹெப்ரானிலும் அத்தையும் சித்தப்பாவும் இருப்பவர்கள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழைய வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1951 ஜூலையில் அரசர் முதலாம் அப்துல்லா ஜெருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அருகில் நின்றவர் பேரன் ஹுசைன். மறு ஆண்டே அவர் அரசரானார். பிரிட்டனின் ராணுவக் கூட்டணியான பாக்தாத் ஒப்பந்தத்தில் சேரலாம் என்று 1955இல் அவர் நினைத்தார், தெரு எரிந்தது, சேரவில்லை. அடுத்த ஆண்டு, தன் படைக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் தளபதி க்ளப் பாஷாவை வீட்டுக்கு அனுப்பினார். 1958இல் இராக்கை ஆண்ட உறவினரோடு சேர்ந்து ஒரு கூட்டாட்சி அமைத்தார். ஐந்தே மாதத்தில் பாக்தாத் புரட்சியில் அந்த உறவினர் குடும்பத்தோடு கொல்லப்பட்டார், கூட்டாட்சியும் அதோடு போயிற்று. 1967 மே 30 அன்று, அதுவரை தன்னை வானொலியில் ஏசிக்கொண்டிருந்த எகிப்து அதிபர் நாசரிடம் கெய்ரோவுக்குப் பறந்துபோய்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். போரில் சேராமல் இருந்தால் சொந்த மக்களும் படையுமே தன்னைத் துரோகி என்று கவிழ்த்துவிடுவார்கள் என்ற கணக்கு அது. ஜூன் மாதப் போரில் மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் கைவிட்டுப் போயின. 1970 செப்டம்பரில் பாலஸ்தீனப் போராளி அமைப்புகளோடு உள்நாட்டுப் போரே நடத்த வேண்டி வந்தது. சிரியாவின் டாங்கிகள் வடக்கு எல்லையைத் தாண்டி வந்தன. தெருவுக்கு இணங்கினால் நிலம் போகும், தெருவை எதிர்த்தால் வீட்டுக்குள் ரத்தம் ஓடும் என்ற இரண்டு பாடங்களும் மூன்றே ஆண்டு இடைவெளியில் கிடைத்தன.

இனி சொல்லப்போவது 1990. ஜோர்டானைச் சந்தர்ப்பவாதி என்று சொல்பவர்கள் நின்று பார்க்க வேண்டிய ஆண்டு இது.

ஆகஸ்ட் 2 அன்று இராக் அதிபர் சதாம் ஹுசைனின் படை குவைத்துக்குள் நுழைந்தது. அதற்கு முன் பத்தாண்டுகள் ஜோர்டானின் பொருளாதாரம் இராக்கோடு பின்னிக் கிடந்தது. ஈரானோடு நடந்த போரில் இராக்கின் துறைமுகங்கள் முடங்கியபோது அகபாதான் அதற்கு வாசல். அகபாவிலிருந்து பாக்தாத்துக்குப் போன லாரிகளின் வரிசையில் ஆயிரக்கணக்கான ஜோர்டானியக் குடும்பங்களின் பிழைப்பு இருந்தது. மலிவு விலை எண்ணெயும் அங்கிருந்தே வந்தது. 1989 ஏப்ரலில் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்து மஆன் நகரில் தொடங்கிய கலவரத்துக்குப் பிறகு, பல்லாண்டு இடைவெளிவிட்டு நடந்த பொதுத்தேர்தலில், இஸ்லாமிய அரசியல் அமைப்பான முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தினர் நாடாளுமன்றத்தில் பெரிய அணியாக வந்திருந்தார்கள். அம்மான் கடைகளில் சதாமின் படங்கள் தொங்கின. ஜோர்டான் அரசர் ஹுசைன் ஆக்கிரமிப்பை ஆதரிக்கவில்லை. ஆனால் அமெரிக்கா தலைமையிலான கூட்டணியில் சேரவும் மறுத்தார். அரபு நாடுகள் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைநகரம் தலைநகரமாகப் பறந்தார். அந்தச் சில மாதங்களில் தன் நாட்டில் அவருக்கு இருந்த செல்வாக்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

விலை உடனே வந்தது. சவூதி எண்ணெய் நின்றது. வளைகுடா நாடுகளின் நிதி நின்றது. அமெரிக்க உதவி முடக்கப்பட்டது. இராக் மீதான பொருளாதாரத் தடையை அமல்படுத்த வந்த போர்க்கப்பல்கள் அகபாவுக்குப் போகும் கப்பல்களை நிறுத்திச் சோதித்தன. குவைத்திலும் மற்ற வளைகுடா நாடுகளிலும் வேலை செய்து மாதந்தோறும் பணம் அனுப்பிக்கொண்டிருந்த சுமார் மூன்று லட்சம் பேர், பெரும்பாலும் பாலஸ்தீன வம்சாவளியினர், பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தார்கள். பணம் அனுப்பியவர்கள் வேலை கேட்பவர்களாக மாறினார்கள். இதோடு இராக் எல்லையைக் கடந்து லட்சக்கணக்கான ஆசியத் தொழிலாளர்கள் பாலைவன முகாம்களில் வந்து சேர்ந்தார்கள். குவைத்தில் இருந்த இந்தியர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அம்மான் விமான நிலையத்திலிருந்துதான் ஏர் இந்தியா விமானங்களில் ஊர் திரும்பினார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்றும் அந்தப் பயணத்தை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. தன் மக்களுக்கே வழியற்ற ஒரு நாடு அந்த நாட்களில் அந்தக் கூட்டத்துக்குத் தன் எல்லையைத் திறந்து வைத்திருந்தது என்பதை நாம் போதிய அளவு சொன்னதில்லை என்பது என் எண்ணம்.

1990இல் ஜோர்டான் தன் மக்களின் மனநிலைக்கு ஏற்ப ஒரு பக்கம் நின்றது. குவைத்துடனான உறவு சீராக ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. எந்தப் பக்கமும் உறுதியாக நிற்பதில்லை என்று இன்று குறை சொல்லப்படும் அந்த நாடு, உறுதியாக நின்ற ஒருமுறை கற்ற பாடத்தைத்தான் அதன்பின் கடைப்பிடிக்கிறது.

அந்தப் பள்ளத்திலிருந்து மீளும் வழியாகத்தான் 1994இன் சமாதான ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். 1993இல் ஓஸ்லோவில் யாசர் அராஃபத்தின் இயக்கம் இஸ்ரேலோடு தனியாகப் பேசி முடித்தது ஹுசைனுக்கே தெரியாமல் நடந்தது. பாலஸ்தீனர்களே பேசிவிட்ட பிறகு காத்திருந்தால் தண்ணீரும் எல்லையும் ஜெருசலேமும் தன் பங்கில்லாமல் முடிவாகிவிடும் என்று அவர் அஞ்சினார். அக்டோபர் 26 அன்று வாதி அரபாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி கன மீட்டர் தண்ணீர் உறுதியானது, எல்லை வரையப்பட்டது, ஜெருசலேமின் முஸ்லிம் புனிதத் தலங்களில் ஜோர்டானின் தனிப் பங்கை இஸ்ரேல் ஏற்றது, அமெரிக்கா சுமார் 70 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. ‘ஜோர்டான்தான் பாலஸ்தீனம்’ என்று இஸ்ரேலிய வலதுசாரிகள் சிலர் பேசிவந்ததற்கு, ஒப்புக்கொள்ளப்பட்ட ஓர் எல்லைக்கோடு எழுத்தில் பதில் சொன்னது என்பதே இவை எல்லாவற்றையும்விடப் பெரியது என்பேன். மக்கள் ஏற்கவில்லை. பொறியாளர், வழக்கறிஞர், மருத்துவர் சங்கங்கள் இஸ்ரேலோடு தொடர்பு வைத்த உறுப்பினர்களை ஒதுக்கி வைத்தன. அரசுகளுக்கு இடையில் சமாதானம், மக்களுக்கு இடையில் கதவடைப்பு என்ற அந்த நிலை இன்றுவரை மாறவில்லை.

ஆனாலும் ஒப்பந்தம் வெறும் சுமையாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு 1997 செப்டம்பர் சாட்சி. அம்மான் தெருவில் பட்டப்பகலில் ஹமாஸ் தலைவர் காலித் மிஷலின் காதருகே இஸ்ரேலிய உளவாளிகள் நஞ்சைத் தெளித்தார்கள். கனடா கடவுச்சீட்டோடு வந்த இருவர் பிடிபட்டார்கள். மிஷல் இறந்தால் ஒப்பந்தமும் இறந்துவிடும் என்று ஹுசைன் அமெரிக்க அதிபர் கிளின்டனிடம் சொல்ல, நெதன்யாகு அரசு மாற்று மருந்தை அனுப்பியது. ஹமாஸின் நிறுவனர் ஷேக் அஹ்மத் யாசினையும் சிறையிலிருந்து விடுவித்தது. முறித்துவிடுவேன் என்று சொல்ல ஓர் ஒப்பந்தம் கையில் இருந்ததால்தான் ஹுசைனின் பேச்சுக்கு அன்று எடை இருந்தது. அதை உண்மையாகவே முறித்திருந்தால் அடுத்த முறை சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது. ஒவ்வொரு காஸா போரின்போதும் ‘ஏன் ரத்து செய்யவில்லை?’ என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1999இல் ஹுசைன் மறைந்து இரண்டாம் அப்துல்லா அரியணை ஏறினார். 2003இல் அமெரிக்கா இராக்கின் மீது படையெடுத்தபோது அவர் தந்தையின் வழியில் போகவில்லை. வெளியே போரை எதிர்த்துப் பேசினார், உள்ளே அமெரிக்காவோடு ஒத்துழைத்தார். பாதி இலவசமாகவும் மீதி குறைந்த விலையிலும் வந்துகொண்டிருந்த இராக் எண்ணெய் சதாமோடு போயிற்று. இடத்தை நிரப்ப வளைகுடா நாடுகள் சிறிது காலம் எண்ணெய் கொடுத்தன. 2005 நவம்பரில் அம்மானின் மூன்று ஹோட்டல்களில் இராக் அல்-காய்தா நடத்திய குண்டுவெடிப்புகளில் ஏறத்தாழ அறுபது பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்று திருமண வீட்டார் நடுவே வெடித்தது.

2011க்குப் பிறகு கூட்டணிகள் மாறிய வேகம் முன்பு கண்டிராதது. துனிசியாவிலும் எகிப்திலும் ஆட்சிகள் சரிந்ததும் மன்னராட்சிகள் ஒன்றுசேர வேண்டும் என்று வளைகுடா ஒத்துழைப்புக் கவுன்சில் ஜோர்டானையும் மொராக்கோவையும் உறுப்பினராக அழைத்தது. சில மாதங்களில் அந்த அழைப்பு ஐந்தாண்டுக்கான 500 கோடி டாலர் நிதியாகச் சுருங்கியது. பிறகு அந்தக் கவுன்சிலே உடைந்தது. 2017 ஜூனில் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகியவை கத்தாரைத் துண்டித்தபோது ஜோர்டான் என்ன செய்தது என்பதைக் கவனித்துப் பார்த்தால் அதன் வெளியுறவு நடைமுறை முழுவதும் விளங்கிவிடும். உறவை முறிக்கவில்லை, தரத்தைக் குறைத்தது. கத்தார் தூதரைத் திருப்பி அனுப்பியது, அல் ஜசீராவின் அம்மான் அலுவலகத்தை மூடியது, ஆனால் விமானங்கள் பறந்தன, கத்தாரில் வேலை செய்த ஜோர்டானியர்கள் வேலையிலேயே இருந்தார்கள். ஓராண்டு கழித்து, 2018 ஜூனில், வருமான வரி மசோதாவை எதிர்த்து அம்மானின் நான்காம் சந்திப்பில் இரவு இரவாக மக்கள் கூடினார்கள். பிரதமர் ஹானி முல்கி பதவி விலகினார். உடனே மெக்காவில் கூடிய சவூதி, குவைத், அமீரகத் தலைவர்கள் 250 கோடி டாலர் உதவி அறிவித்தார்கள். ஒன்றிரண்டு நாளில் கத்தார் 50 கோடி டாலரும் பத்தாயிரம் ஜோர்டானியர்களுக்கு வேலையும் தருவதாகச் சொன்னது. ஒருவரையொருவர் பார்க்க மறுத்த இரு தரப்பும் ஒரே வாரத்தில் ஒரே கஜானாவுக்குக் கைகொடுத்தன. ஜோர்டான் கவிழ்ந்தால் அந்த நெருப்பு தங்கள் வேலியைத் தொடும் என்ற அச்சம் எல்லோருக்கும் பொதுவானது. அந்த அச்சமே அம்மானின் உண்மையான கையிருப்பு. 2019 ஜூலையில் கத்தாருக்குத் தூதரை மீண்டும் அனுப்பியபோது, குறைத்தே தவிர முறிக்காமல் விட்டதன் பலன் தெரிந்தது.

சிரியா விஷயத்தில் இந்த நிதானம் தொடக்கத்தில் இல்லை என்று நான் கருதுகிறேன். 2011 நவம்பரில், சிரிய அதிபர் அசாத்தின் இடத்தில் தான் இருந்தால் பதவி விலகியிருப்பேன் என்று பிபிசியிடம் வெளிப்படையாகச் சொன்ன முதல் அரபுத் தலைவர் அப்துல்லா. அசாத் போகவில்லை. போரில் வீடிழந்தவர்கள் வந்தார்கள். 2012 ஜூலையில் தொடங்கிய ஸாத்தரி முகாம் ஒரு நகரமாகவே வளர்ந்தது. உச்சத்தில் ஐ.நா.வில் பதிவு செய்த சிரிய அகதிகள் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். பதிவு செய்யாதவர்களையும் சேர்த்து 13 லட்சம் என்பது அரசின் கணக்கு. தெற்குச் சிரியாவின் கிளர்ச்சியாளர்களுக்கு அம்மானிலிருந்து அமெரிக்காவும் வளைகுடா நாடுகளும் ஆயுதமும் சம்பளமும் அனுப்பின. ஜோர்டான் அதற்கு இடம் கொடுத்தது.

இதன் பொருளை உணர வடக்கு எல்லையில் உள்ள ரம்தா ஊரைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து சிரியாவின் தராஆ கூப்பிடு தூரம். இரண்டு ஊர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. ‘பஹ்ஹாரா’ என்று அழைக்கப்படும் வாடகைக் கார் ஓட்டுநர்கள் காலையில் எல்லையைத் தாண்டிப் போய், துணியும் இனிப்பும் காய்கறியும் சிகரெட்டும் ஏற்றிக்கொண்டு மாலையில் திரும்பிக் கடைகளுக்குக் கொடுப்பார்கள்; ஊர்ச் சந்தையே அவர்களை நம்பி நடந்தது. 2015 ஏப்ரலில் நசீப் எல்லைச் சாவடி கிளர்ச்சியாளர் கைக்குப் போனதும் ஜோர்டான் வாசலை மூடியது. மூன்றரை ஆண்டுகள் கடைகள் ஈயோட்டின. சிரியா, துருக்கி வழியாக ஐரோப்பாவரை போன லாரித் தடமும் அறுந்தது. 2018இல் ரஷ்யத் துணையோடு அசாத்தின் படை தெற்கைத் திரும்பப் பிடித்தபோது, அதுவரை ஆதரித்த கிளர்ச்சியாளர்களைக் காக்க அம்மான் ஒன்றும் செய்யவில்லை. அக்டோபரில் சாவடி திறந்தது. தராஆ மக்களின் கோணத்தில் இது கைவிட்டதுதான், அதை மறைக்க முடியாது. ஆனால் ரம்தாவின் கோணத்திலிருந்து பார்த்தால் வேறு முடிவு எளிதல்ல. சாவடி திறந்த பிறகும் பழைய வாழ்வு முழுதாகத் திரும்பவில்லை. 2019 ஆகஸ்டில் சிகரெட் கொண்டுவருவதற்கு அரசு கட்டுப்பாடு விதித்ததும் ரம்தாவில் கலவரமே மூண்டது.

வணிகம் வந்த வழியிலேயே கேப்டகன் போதை மாத்திரையும் வந்தது. அசாத் ஆட்சியோடு நெருங்கியவர்களின் பாதுகாப்பில் தயாரான அந்த மாத்திரைகள் ஜோர்டான் வழியாகச் சவூதிக்குப் போயின. 2022 ஜனவரியில் எல்லையில் நடந்த சண்டையில் 27 கடத்தல்காரர்களை ஜோர்டான் படை கொன்றது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2021 அக்டோபரில், அப்துல்லா அசாத்தோடு தொலைபேசியில் பேசிப் பத்தாண்டு மௌனத்தைக் கலைத்திருந்தார். சிரியாவை அரபு லீக்குக்குள் திரும்பக் கொண்டுவந்தால் கடத்தல் குறையும், அகதிகள் திரும்புவார்கள் என்பது கணக்கு. 2023 மே மாதம் அசாத்தை அரபு லீக் ஏற்றது. இரண்டில் எதுவும் நடக்கவில்லை. 2024 டிசம்பர் 8 அன்று அசாத் மாஸ்கோவுக்கு ஓட, பழைய ஜிகாதி அமைப்பிலிருந்து வந்த அஹ்மத் அல்-ஷரா டமாஸ்கஸில் அமர்ந்தார். ஆறே நாளில் அகபாவில் அரபு, துருக்கி, அமெரிக்க, ஐரோப்பியப் பிரதிநிதிகளை ஜோர்டான் கூட்டியது; இன்னும் ஒன்பது நாளில் வெளியுறவு அமைச்சர் அய்மன் சஃபாதி டமாஸ்கஸில் இருந்தார். பதிமூன்று ஆண்டுகளில் எதிர்ப்பு, கைகழுவல், சமரசம், மீண்டும் புதிய ஆட்சியோடு முதல் வரிசை என்று நான்கு நிலைப்பாடுகள். தண்ணீர், எல்லை, கடத்தல் என்ற மூன்றும் எந்த ஆட்சி வந்தாலும் டமாஸ்கஸோடுதான் பேசித் தீர்க்க வேண்டியவை.

ஈரான் விஷயத்தில் வளைகுடாவைப் பின்தொடர்ந்ததால் நேர்ந்த சங்கடம் வேறு மாதிரி. சவூதி 2016இல் தெஹ்ரானோடு உறவை முறித்ததும் ஜோர்டான் தன் தூதரைத் திரும்ப அழைத்தது. 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் சவூதியும் ஈரானும் சமாதானமாயின. பெரியவர்கள் ராசியாகிவிட்டார்கள்; அவர்களுக்காகப் பகைத்துக்கொண்டவர் தனியே நின்றார்.

ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7க்குப் பிறகு எல்லாக் கயிறுகளும் ஒரே நேரத்தில் இறுகின. நவம்பர் 1 அன்று ஜோர்டான் இஸ்ரேலிலிருந்து தூதரைத் திரும்ப அழைத்தது. சூரிய மின்சாரத்தை இஸ்ரேலுக்குக் கொடுத்து ஆண்டுக்கு 20 கோடி கன மீட்டர் கடல்நீர்ச் சுத்திகரிப்புத் தண்ணீரை வாங்கும் திட்டம் 2021இல் அமீரகத்தின் முன்முயற்சியில் பேசப்பட்டிருந்தது. அதில் கையெழுத்திட மாட்டோம் என்று சஃபாதி அறிவித்தார். தாகத்தில் தவிக்கும் நாடு தண்ணீரை வேண்டாம் என்று சொன்னது சாதாரணம் அல்ல. ஆனால் எரிவாயு நிற்கவில்லை. சினாய் பாலைவனத்தில் எகிப்தின் குழாய் 2011 முதல் திரும்பத் திரும்பத் தகர்க்கப்பட்டு மின்வாரியம் கடனில் மூழ்கியதால், 2016இல் இஸ்ரேலின் லெவியதான் வயலிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் மதிப்பில் எரிவாயு வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. நாடாளுமன்றக் கீழவை எதிர்த்து வாக்களித்தும் 2020 முதல் எரிவாயு வருகிறது. மின்விளக்கு எரிவதே அந்தக் குழாயால் என்ற நிலையில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் எதிர்க்க முடியும்? 2025 ஜூனில் ஈரானோடு போர் மூண்டு இஸ்ரேல் லெவியதானை மூடியபோது, ஒரே குழாயை நம்பியதன் ஆபத்து நேரடியாகவே தெரிந்தது.

இப்போது கேள்வியில் இருந்த ட்ரோன்களுக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 13 இரவு ஈரான் முந்நூறுக்கு மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் இஸ்ரேலை நோக்கி ஏவியது. அவற்றில் கணிசமானவை ஜோர்டான் வானத்தைக் கடக்க வேண்டியிருந்தது. சிலவற்றை ஜோர்டான் விமானப்படை வீழ்த்தியது. அம்மானின் மர்ஜ் அல்-ஹமாம் பகுதியில் பெரிய உலோகத் துண்டு தெருவில் வந்து விழுந்தது, மக்கள் அதைச் சுற்றி நின்று படம் பிடித்தார்கள். அரபு சமூக ஊடகங்களில் அரசரைத் துரோகி என்றார்கள். தற்காப்பு என்று அரசு சொன்னது. யாருடைய போருக்கும் ஜோர்டான் களமாகாது என்றார் அப்துல்லா. இந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. தன் வானத்தை ஒரு தரப்பு கடக்க விட்டால் மறுதரப்பும் அதையே உரிமையாகக் கேட்கும் என்பது உண்மை. ஆண்டுக்கு 145 கோடி டாலர் வீதம் ஏழு ஆண்டுகளுக்கு அமெரிக்க உதவி 2022இல் உறுதியாகியிருந்ததும், அமெரிக்கப் படை அந்நாட்டில் நிலைகொண்டிருப்பதும், அந்த இரவின் முடிவைத் தீர்மானித்த மற்ற பாதி. நான்கு மாதம் கழித்து, ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியே தெஹ்ரானில் கொல்லப்பட்ட சில நாட்களில், சஃபாதி தெஹ்ரானுக்குப் போனார். இதே நிலைப்பாட்டை நேரில் சொல்லவும், பதிலடி தன் வானத்தின் வழியே வராமல் பார்க்கவும்தான் அந்தப் பயணம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

தெருவின் கணக்கு வாக்குச்சீட்டில் வந்தது. 2024 செப்டம்பர் தேர்தலில் முஸ்லிம் சகோதரத்துவத்தின் அரசியல் கிளையான இஸ்லாமியச் செயல் முன்னணி 138 இடங்களில் 31 பெற்று முதலிடம் பிடித்தது. காஸாவே அதன் பிரச்சாரம். 2025 ஏப்ரலில் அரசு சகோதரத்துவ இயக்கத்தையே தடை செய்தது. தாக்குதல் சதி கண்டுபிடிக்கப்பட்டது என்பது அரசு சொன்ன காரணம். எனினும் மக்கள் கோபத்துக்கு ஒரு சட்டப்பூர்வமான வாசல் இருப்பது அரசருக்கே நல்லது. 1989 அதைத்தான் காட்டியது. அந்த வாசலைக் குறுக்குவது வெளியுறவில் இருக்கும் நெளிவு சுளிவையும் குறைத்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

2025 பிப்ரவரியில் டிரம்ப், காஸா மக்களை எகிப்தும் ஜோர்டானும் ஏற்க வேண்டும் என்றார். வெள்ளை மாளிகையில் செய்தியாளர்கள் முன்னிலையில் அவர் அருகே அமர்ந்த அப்துல்லா, நேருக்கு நேர் மறுக்கவில்லை. நோயுற்ற 2,000 குழந்தைகளை ஏற்பதாகச் சொன்னார், அரபு நாடுகள் சேர்ந்து மாற்றுத் திட்டம் தரும் என்றார். கூட்டம் முடிந்தபின் எழுத்து மூலம், வெளியேற்றத்தை எதிர்ப்பதில் மாற்றமில்லை என்று அறிவித்தார். அந்தக் காட்சியைப் பார்த்துப் பலர் பணிந்துவிட்டார் என்றார்கள். ஆண்டு உதவியை நிறுத்தக்கூடியவரின் அறையில் இருந்துகொண்டு ஓர் ஆளைக்கூட நிரந்தரமாக ஏற்பதாக ஒப்புக்கொள்ளாமல் வெளியே வந்ததுதான் நான் பார்த்தது. மார்ச்சில் கெய்ரோவில் கூடிய அரபு உச்சிமாநாடு, காஸா மக்களை வெளியேற்றாமலேயே அதைக் கட்டியெழுப்பும் எகிப்தின் திட்டத்தை ஏற்றது.

ஆக, இந்தச் சாய்வுகளுக்கு ஓர் எல்லை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. காஸாவிலிருந்தோ மேற்குக் கரையிலிருந்தோ பாலஸ்தீனர்களைக் கூட்டமாக ஜோர்டானுக்குள் தள்ள முயன்றால் அதைப் போர்ப் பிரகடனமாகவே கருதுவோம் என்று பிரதமர் பிஷர் கஸாவ்னே 2023 நவம்பரில் சொன்னார். இந்த ஒரு புள்ளியில் மட்டும் கஜானா, தெரு, படை, கிழக்குக் கரைக் குலங்கள், பாலஸ்தீன வம்சாவளியினர் எல்லோருடைய நலனும் ஒன்றாகிறது: பாலஸ்தீனர்களுக்கு அது தாயகத்தை இழப்பது, கிழக்குக் கரையினருக்கு இருக்கும் நாட்டை இழப்பது, அரசருக்கு 1994இல் வாங்கிய எல்லைக்கோடு அழிவது. வளைகுடாப் பணமோ அமெரிக்க உதவியோ இதை ஈடுகட்டாது. மேற்குக் கரையில் குடியேற்றங்கள் பெருகும் வேகத்தையும், அந்தப் பகுதிகளை இணைத்துக்கொள்வோம் என்று இஸ்ரேலிய அமைச்சர்கள் வெளிப்படையாகப் பேசுவதையும் பார்க்கும்போது, அம்மானின் அடுத்த பெரிய நெருக்கடி தெஹ்ரானிலிருந்தோ டமாஸ்கஸிலிருந்தோ அல்ல, ஜோர்டான் ஆற்றின் மறுகரையிலிருந்தே வரும் என்று நினைக்கிறேன். அது வருவதற்குள் அகபாவில் கடல்நீரைச் சுத்திகரித்து ஆண்டுக்கு 30 கோடி கன மீட்டர் தண்ணீரை அம்மானுக்குக் கொண்டுவரும் திட்டம் நிறைவேறினால், அரசரின் மேசையில் இருக்கும் கடிவாளங்களில் ஒன்றாவது வேறொருவர் கையில் இருக்காது.